சொந்தக் கருத்தை மனப்பாடம் செய்த வகுப்பு

வெள்ளவத்தை,
சனிக்கிழமை.

அன்பு மகன் சயந்தனுக்கு,

அம்மாவின் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம், அங்கே மெல்பேர்ண் குளிரில் நீ முழுதாகவே சுகமாய் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம். கடிதம் அம்மாவுடையது, கை மட்டும் உன் தங்கை மேனுகாவுடையது. பள்ளிக்கூடப் படியில் மழைத்தண்ணீருக்குச் சறுக்கி விழுந்த அம்மாவின் கைக்குப் பிளாஸ்டர் போட்டவர்கள் வாய்க்குப் போட மறந்துவிட்டார்கள், ஆகவே அவ சொல்கிறா, நான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ 'ஓமம்மா, ஓமம்மா' என்று சொல்லிக்கொண்டே சமைப்பாயாம், எழுத்தில் இருந்தால் இரண்டு தரம் வாசிப்பாயாம். அப்பாவுக்குப் பிரஷர் அடங்கியிருக்கிறது, கிருலப்பனை பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகிவிட்டார். இனி விஷயத்துக்கு வா என்று அம்மா பிளாஸ்டரால் என் தலையில் தட்டுகிறா. விஷயம் இதுதான். நான் படிக்கிற ஒன்பதாம் வகுப்பின் விஞ்ஞானப் பாடத்தை அம்மாவிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். விடுவதா பிடிப்பதா என்று திங்கட்கிழமை அவ அதிபருக்குச் சொல்லவேண்டும். உன் கருத்து என்ன என்று கேட்டு எழுதச் சொல்கிறா. அம்மா உன்னிடம் கருத்துக் கேட்கிறா அண்ணா, கதிரையில் இருந்துகொண்டு வாசி.

சென்ற தவணை வகுப்புப் பார்க்க வந்த ஆசிரிய ஆலோசகர் சிவபாதசுந்தரம் சேர், அம்மாவின் கேள்விகள் எல்லாம் முதல் படியிலேயே நிற்கின்றன என்று எழுதிவிட்டுப் போனார். சிந்தனைக்கு ஆறு படி இருக்கிறதாம். பாடமாக்கியதை ஒப்புவிப்பது அடிப்படி, விளங்கிச் சொல்வது அதற்கு மேல், அப்படியே ஏறிப் போனால் உச்சியில் எது சரி எது பிழை என்று தீர்ப்பதும் புதிதாய் ஒன்றை ஆக்குவதும். அம்மா இத்தனை வருடமும் பிள்ளைகளை அடிப்படியில் நிற்கவைத்தே பரீட்சையில் ஏ எடுத்துக் கொடுத்தவ, நீயும் அதில் ஒரு ஏ. மறுபடி வரும்போதும் இதே கதை என்றால் வகுப்பு புது ரீச்சருக்கு, அம்மாவுக்கோ லீவு போட்ட ஆசிரியர்களின் வகுப்பில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அவவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆவியாதல் பாடத்துக்கு ஆறு படிக்கும் ஆறு கேள்வி போட்டா, மட்டைகளில் எழுதியது நான். நல்ல கேள்விகள் அண்ணா, அதுதான் கவலை. மழைக்காலத்தில் எங்கள் மாடி வீடுகளில் சீருடை காயாத கஷ்டத்தை வைத்துக் கேட்டவை. ஆனால் பிள்ளைகள் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், சேர் வருவதற்கு முதல் நாளே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து விடையையும் கையில் கொடுத்துவிட்டா. "சொந்தமா யோசிச்சுச் சொல்லோணும், ஆனா இதைத்தான் சொல்லோணும்" என்றா. ஆறாம் படி எனக்கு. என்னுடைய புத்தம்புது யோசனையை, சூரிய வெப்பத்தில் உடுப்புக் காயவைக்கும் ஒரு பெட்டியை, அம்மா சொல்லச் சொல்ல எழுதி ஒரு பின்னேரம் முழுக்கப் பாடமாக்கினேன்.

புதன்கிழமை விடியவே நல்ல மழை. பாடம் ஆவியாதல், போனது எங்கள் ஆவி. சேர் பின்வரிசை வாங்கில் வந்து இருந்தார். முதல் மூன்று கேள்விக்கும் விடை வெடிபோல வந்தது, அம்மாவின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடத் தொடங்கியது. நாலாவது கேள்வி ஆரணியுடையது. அவள் மட்டக்குளியில் இருந்து வருகிறவள், றோட்டில் வெள்ளம், பஸ் இல்லை, ஆள் இல்லை. பதற்றத்தில் அம்மா அதைக் கவனிக்காமல் கேள்வியைக் கேட்டுவிட்டா. ஒருவரும் எழும்பவில்லை. மூன்றுக்குப் பிறகு தன் முறை என்று நினைத்து, ஐந்தாம் விடைக்காரன் திலக்ஷன் எழும்பி, "எனது சொந்தக் கருத்தின்படி அவள் செய்தது பிழை" என்று கணீரென்று சொன்னான். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஆர் தம்பி அவள்?" என்று கேட்டார். "இன்னும் வரேல்லை சேர், அடுத்த கேள்வியில வருவா" என்றான் அந்த விசரன். யன்னலைப் பூட்டிவிட்டு ஈர உடுப்புக் காயப்போட்ட ஒரு பெண்ணைப் பற்றியது அந்த அடுத்த கேள்வி. வகுப்பு சிரித்த சிரிப்பு மழையையும் மீறிக் கேட்டது. சேர் சிரிக்காமல் முன்னுக்கு வந்து அம்மாவின் மட்டையை எடுத்து, அதே நாலாம் கேள்வியை முன்வரிசைப் பிள்ளையிடம் கேட்டார். அவள் அழுவாரைப்போல, "அது என்ர கேள்வி இல்லை சேர்" என்றாள். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா நல்ல கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

சேர் என்னைக் காட்டி, உங்கள் வீட்டில் சீருடை காயாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் பாடமாக்கிய சூரிய வெப்பப் பெட்டியைத் திறக்கப் போனேன், அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினா. அதனால் உள்ளதைச் சொன்னேன். "பிரிஜ்ஜுக்குப் பின்னால தொங்கவிடுவம் சேர், காயாட்டி ஈரத்தோட போட்டுக்கொண்டு வருவன், இண்டைக்கும் அப்பிடித்தான்." அம்மாவுக்கு வெட்கத்தில் முகம் கறுத்தது. ஆனால் அவ மட்டைகளைக் குப்புற வைத்துவிட்டு, உள்ளே குளிராய் இருக்கிற பிரிஜ்ஜுக்குப் பின்பக்கம் ஏன் சூடு என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றா. எழுதி வைக்காத கேள்வி. அந்த அமைதி இருக்கே அண்ணா, ரியூஷனுக்குக் கட்டாத காசைக் கேட்கும்போது வரும் அமைதி. பிறகு மெல்ல ஒருவன், மோட்டருக்குக் காய்ச்சல் என்றான். இன்னொருத்தி, குளிர் பின்னால் கசிந்து சூடாகிறது என்றாள். சண்டை பிடித்தார்கள், கையை உயர்த்தாமலே கத்தினார்கள். அம்மா இரண்டையும் கரும்பலகையில் எழுதுவித்தா, திருத்தவில்லை. மணி அடித்தது. இரண்டு பிழையும் அழியாமல் பலகையிலேயே கிடந்தன, அதை விட்டுவிட்டு வெளியே வந்தது அம்மாவுக்குக் கை முறிந்ததைவிட நோவாக இருந்ததாம்.

வாசலில் வைத்து சேர், "ரீச்சர், முன்பாதி நாடகம், பின்பாதி பாடம். எதை எழுதட்டும்?" என்று கேட்டாராம். பிறகு அதிபர் கூப்பிட்டு, தானாக வகுப்பை விட்டால் அறிக்கை ஒன்றும் போகாது, விடாவிட்டால் சேர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வருவார், அன்றைக்கும் பாடம் பிழையாய்ப் போனால் அது கோப்பில் ஏறிவிடும் என்றாராம். அப்பா விட்டுவிடு என்கிறார், ரத்த அழுத்தக்காரர் அப்படித்தான் சொல்வார். மாமியும் அதையே சொன்னா. நீயும் சொன்னால் மூன்று வாக்கு என்று நான் எழுதப் போக, அம்மா பேனையைப் பிடித்துவிட்டா. பிறகு, "மேல அவன்ர கருத்தைக் கேட்டனீ எல்லே, அதை வெட்டு. இது எனக்கு வந்த கேள்வி, பிள்ளையைப் பாத்து எழுதக் கூடாது" என்றா. நான் வெட்டவில்லை, பிழையும் கிடக்கட்டும். "வகுப்பை விடேல்லை எண்டு எழுது. அவர் எந்த நாளும் வரட்டும்." பிழையாய்ப் போனால் என்றேன். "பிழை வரும்தான். நான் இப்பதானே படிக்கிறன்" என்றா.

உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கிடைக்க அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். வெள்ளிக்கிழமையில் மரக்கறி சாப்பிடு. தலை முழுகிவிட்டு ஈரத்தலையோடு காற்றுக்குள் போகாதே. ஏன் என்று நான் எழுதப் போக, அம்மா மறித்துவிட்டா. அவனே யோசிக்கட்டுமாம்.

இப்படிக்கு, இடது கையால் ஒப்பமிடும்,
அன்பு அம்மா.