உன் காருக்கு நான் வெட்டிய தகடு

என் மச்சான் செல்வம்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். வருஷம் ஒன்றாகிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை இப்போது நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

மாத்தளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் உன் வாடகைக் கார் நின்றால், யட்டவத்தைக்குப் போகிறவர்கள் தாமாகவே வந்து ஏறுவார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய கார். எஞ்சின் தங்கம். கியர்பெட்டிதான் பல்லுப் பல்லாகக் கொட்டிப்போனது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம்; கொழும்பெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. "எஞ்சினைக் கழட்டி, கலேவெலப் பக்கம் வயலுக்குத் தண்ணி இறைக்கக் குடுத்துடு" என்றேன். நீ கேட்டாயா?

எங்கோ கவிழ்ந்த புது வேன் ஒன்றின் கியர்பெட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு என் கராஜ் வாசலில் வந்து நின்றாய். "நாலு கியர் மச்சான். இதைப் பழசுல பூட்டிக் குடு. ஒன்னால முடியும்."

எஞ்சினில் இருந்த ஒரு துளைகூடக் கியர்பெட்டியோடு ஒத்துவரவில்லை. இரண்டுக்கும் நடுவில் வைக்க அரை அங்குல இரும்புத் தகடு வெட்டினேன்: எஞ்சினுக்கு ஒரு வரிசைத் துளை, கியர்பெட்டிக்கு இன்னொரு வரிசை. கியர்பெட்டித் தண்டின் நுனி எஞ்சினின் பிளைவீல் சக்கரத்து நடுவில் உட்கார, லேத்தில் பித்தளை வளையப் புஷ் கடைந்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை வெட்டிக் குறுக்கினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன், ஒன்றைத் தவிர. தகட்டின் மையத்தை மானி வைத்து அளக்காமல், கண்ணால் பார்த்தே துளைத்துவிட்டேன்.

வஹகோட்டைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. உனக்கு அவசரம், எனக்கு அலுப்பு. பூட்டும்போது தண்டு லேசாக இடித்தது. மயிரிழை விலகல்தான். தெரிந்துகொண்டேதான் "சரியாப் போச்சு, எடு" என்றேன்.

திருவிழாவுக்குப் போகிற ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு நீ மலையேறும்போது, கியர்பெட்டியின் முன்பேரிங் நொறுங்கியது. கார் பின்னால் உருண்டது. நீ அதை மண்மேட்டில் அணைத்து நிறுத்தினாய். யாருக்கும் காயமில்லை. ஆனால் ஊர் முழுக்க ஒரே பேச்சு: செல்வத்துக்குப் புதுக் கியர் போடத் தெரியாதாம்.

நீயும் அதை நம்பினாய். "நான்தான் கிளச்சை வெடுக்குனு விட்டுட்டேன் மச்சான். ஒன் வேலையைக் கெடுத்துட்டேன்" என்று என் கையைப் பிடித்தாய். நான் கராஜ் பையனிடம் உனக்குத் தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சில மாதம் கழித்து உன் மனைவி ராணி கராஜுக்கு வந்தாள். காரை விற்கக் கேட்பாள் என்று நினைத்தேன். "பூட்டிக் குடுங்க நானா. லைசன்ஸ் எடுத்துட்டேன். நானே ஓட்டப் போறேன்" என்றாள், எப்போதும்போல் என்னை அண்ணன் முறை வைத்து.

அன்றைக்குத்தான் வாய் திறந்தேன். "தங்கச்சி, செல்வம் மேல பிழையில்ல. தகட்டைக் கோணலாத் தொளைச்சது நான். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

அவள் காரின் பக்கம் திரும்பினாள். "அவரு அதை நெனச்சு நெனச்சுத் தூங்காமக் கெடந்தாரு நானா" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வாட்டி அளந்து தொளைங்க."

அளந்தேன் செல்வம். பிளைவீலைச் சுற்றிச் சுற்றி, மானியின் முள் ஆடாமல் நின்ற பிறகுதான் புதுத் தகட்டில் துளை போட்டேன்.

போன வாரம் முதல் பயணம், யட்டவத்தைக்கு. நான் அவள் பக்கத்தில். ஏற்றத்தில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினாள், சத்தமே இல்லை. பின்சீட்டில் இருந்த பெரியவர், "இது செல்வம் ஓட்டத் தெரியாம ஒடச்ச கார்தானே?" என்றார். நான் திரும்பி நடந்ததைச் சொன்னேன். ராணி காரை மேலே ஏற்றினாள். உச்சிக்கு வந்ததும், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னொருக்காச் சொல்லுங்க நானா" என்றாள்.

சொன்னேன். கேட்கிறவர்களிடமெல்லாம் இனியும் சொல்வேன். கேட்காதவர்களுக்கு இந்தக் கடிதம்.

ராணி அந்தக் காரை ஓட்டும் காலம்வரை அதன் பொறுப்பு என்னுடையது.

உன் கையைப் பிடித்துக்கொண்டு பொய்யாய் நின்ற மச்சான்,
ரசாக்