உங்கள் பெயரில் நான்கு பிரபலங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு எரிச்சலைத் தவிர வேறு நோயில்லை.

இங்கே படிவத்தில் குடும்பப்பெயர் கேட்டார்கள். நமக்கேது? உங்கள் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து ஆய்வகமே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. நேற்று மேலாளர் அந்தப் பெயருள்ள பிரபலங்களைத் தேடி, ஒரு நீதிபதி, ஒரு ஓட்டக்காரர், இரண்டு அமைச்சர்கள் என்று பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

"இதுல உங்க சொந்தக்காரர் யாரு?"

"ஒருத்தரும் இல்ல. எங்கப்பா பஸ் கண்டக்டர்."

"அட, அவ்வளவுதானா!"

வந்த கோபத்தில் பட்டியலின் உச்சியில் உங்களை எழுதிவிட்டேன். பக்கத்தில் ஒட்ட, காக்கிச் சட்டைப் புகைப்படம் அனுப்புங்கள்.

அடுத்தமுறை போனில் 'பாப்பா' வேண்டாம்; என் பெயரைச் சொல்லுங்கள். அதைக் காதால் கேட்டு மூன்று மாதமாகிறது.

இடைவேளை முடிந்தது. யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள். நான்தான் போக வேண்டும்.

உங்கள் மகள்