லாஸ் வேகாஸிலிருந்து பதினொரு நாள்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு. எசன்

சலவை இயந்திரம் இன்றும் நடுவில் நின்றுவிட்டது. கையால் பிழிந்து பால்கனியில் போட்டுவிட்டு வந்து பார்த்தால், இவர் குசினி மேசை முழுக்க அமெரிக்க வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையை எங்கே வைப்பது? கலிபோர்னியாவின் மேல் வைத்தேன்.

மகள் பிரியா ஏற்பாடு செய்த பயணம். பதினேழாம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானம். அங்கே ஒரு வோன்மொபில் வாடகைக்கு எடுக்கிறோம். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. இரண்டு கிழமை பாலைவனம், மலை, நடுவில் லாஸ் வேகாஸ். தை மாதம் பிரியாவுக்குக் கலியாணம். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர் மட்டும் எங்கே போகப் போகிறோம்?

இருபத்திரண்டு வருடமாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறவருக்கு லீவிலும் ஒரு நீள வண்டி கிடைத்ததில் தலைகால் தெரியவில்லை. போன வருடம் இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்த ஆள் என்று பார்த்தால் சொல்ல முடியாது.

பிறகு வழக்கம்போல் அக்காவுடன் போனில் கதை. அவருடைய அக்கா செல்வராணி, எனக்கு மச்சாள், யாழ்ப்பாணத்தில் மகன் லவனோடு இருக்கிறார். ஒரு ஞாயிறும் தவறாது. சின்ன வயதில் இருவரும் சோடி சேர்ந்து கடுதாசி, அதுதான் சீட்டு, விளையாடி, முந்நூற்றிநாலு என்கிற ஆட்டத்தில் ஊரையே தோற்கடித்தவர்களாம். மச்சாள் துரும்புச் சீட்டை மறைத்து வைத்த கதையை நான் ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன்.

நானும் வவுனியாவில் இருக்கிற என் தம்பி சயந்தனுக்குப் போன் எடுத்தேன். சிறுநீரகத்துக்கு மருந்து எடுக்கிறான், குரல் களைத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு தொப்பி வாங்கி வரட்டாம்.

ஏப்ரல் 19, சனி. பாலைவனத்தில் எங்கோ

ஓட்டும் ஆசனத்தில் ஏறி இருந்ததும் இவர் முதல் செய்த வேலை, கண்ணாடிகளைச் சரி செய்து, பஸ்ஸில் அறிவிக்கிற குரலில் "அடுத்த தரிப்பு: பாலைவனம்" என்று சொன்னதுதான். பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது எல்லாவற்றுக்கும் அதே அறிவிப்பு. அடுத்த தரிப்பு தேத்தண்ணி. அடுத்த தரிப்பு பெற்றோல்.

வண்டி ஓடும்போது பின்னால் சட்டி பானை எல்லாம் கடகடவென்று பேசுகின்றன. நான் சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன், பிறகு நம்பாமல் போய்விடுவேன்.

ஏப்ரல் 22, செவ்வாய். லாஸ் வேகாஸ்

எழுதக் கை ஓடவில்லை. எழுதாவிட்டால் வேறு யாரிடம் சொல்வது?

நேற்றுப் பின்னேரம் இங்கே வந்தோம். ஒரு பெரிய சூதாட்ட விடுதியின் பின்பக்கம், வோன்மொபில்கள் நிறுத்தும் இடம். இன்று காலை ஒன்பது மணிக்கு இவரும் பிரியாவும் நீச்சல் தடாகத்துக்குப் போயிருந்தார்கள். நான் உள்ளே முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். லவன் போன் எடுத்தான். முதலில் மாமாவின் போனுக்கு அடித்தானாம், போகவில்லையாம். இவருடைய போன் இங்கே வேலை செய்யாது. எனக்கும் பிரியாவுக்கும் மட்டும்தான் இணைப்பு.

"மாமி, அம்மா மோசம் போயிட்டா. பின்னேரம் ஐஞ்சு மணி போல. நெஞ்சு நோகுதெண்டவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே..."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு அவன் கேட்டது நினைவிருக்கிறது.

"மாமா வருவாரெண்டால் வைச்சிருப்பம். மூண்டு நாளோ நாலு நாளோ, பிரச்சினையில்லை. சொல்லுங்கோ மாமி."

ஜன்னலால் பார்த்தேன். இவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, பிரியா சொன்ன எதற்கோ சிரித்தபடி வந்துகொண்டிருந்தார்.

"அவருக்கு இப்ப சொல்ல வேண்டாம், லவன். இருதய வருத்தக்காரன், மலைப் பாதையிலை வண்டி ஓட்டவேணும். வீட்டை போய்ச் சொல்லுறம். நீங்கள் எடுங்கோ."

எடுங்கோ. அவருடைய அக்காவின் உடலை எடுக்கச் சொல்லி நான் சொன்னேன். லவன் சரி மாமி என்றான். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எடுப்பார்களாம். குடும்பக் குழுவில் ஒருவரும் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொள்கிறானாம். கெட்டிக்காரப் பிள்ளை.

எங்கள் ஆட்களில் இது புதிதில்லை. பயணத்தில் இருக்கிறவருக்குச் சாவைச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, நாலு பேர் பக்கத்தில் நிற்கும்போதுதான் சொல்வது. என் அப்பா செத்ததை எனக்கும் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அப்போது நான் ஒருவரையும் கோபிக்கவில்லை. கோபித்தேனோ?

முட்டை கருகிவிட்டது. இவர் ஏறி வந்து, "அடுத்த தரிப்பு: கரிக்கட்டை" என்றார். நான் சிரித்தேன். எனக்கு அப்படிச் சிரிக்க வருமென்று இன்றைக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 23, புதன். லாஸ் வேகாஸ்

அங்கே வியாழன் காலை எட்டு மணி என்றால் இங்கே புதன் மாலை ஏழரை. கைவிரலில் மடக்கி மூன்று தடவை எண்ணினேன்.

ஏழரைக்கு நாங்கள் ஒரு விடுதியின் முன்னால், பாட்டுக்கு ஆடுகிற நீரூற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இவர் பின்னேரம் ஒரு கடையில், சூதாட்ட மேசையில் பாவித்துக் கழித்த கடுதாசிக் கட்டு வாங்கியிருந்தார். ஒவ்வொரு கடுதாசியின் நடுவிலும் துளை போட்டிருக்கிறது. அக்காவுக்காம். வெள்ளைக்காரன் கள்ள விளையாட்டுக்குப் பயந்து துளை போட்டிருக்கிறான், அக்காவின் கையில் அதுவும் பலிக்காது என்று பிரியாவிடம் சொன்னார். கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தண்ணீர் மேலே எழும்ப வாயைத் திறந்து சிரித்தார். பிரியா படம் எடுத்தாள்.

அந்த நேரம் அங்கே பறை அடித்திருப்பார்கள். லவன் தலையில் தண்ணீர் வார்த்திருப்பான். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழக்கூட உரிமை இல்லாமல் போயிற்று.

திரும்பி வரும்போதுதான் பிரியா சொன்னாள், படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாளாம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஏப்ரல் 24, வியாழன்

இவர் ஆட்டிறைச்சி கேட்டார். சாவுத் துடக்குக்காரன், இறைச்சி ஆகாது. நான் சமைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு. பெரிய பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில்

என் போனைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அல்லவா. நெட் பிடிக்கவில்லை என்றேன். பிரியாவினதைக் கேட்கப் போனார். அங்கே இப்போது நடுச்சாமம், மச்சாளை எழுப்ப வேண்டாம் என்றேன். நடுச்சாமம் என்பது உண்மைதான். அதுவே என்னைக் கொன்றது.

அழைக்க முடியாத நேரத்தை மேசையில் இருந்து கழித்தார். முந்நூற்றிநாலுக்குத் தேவையில்லாத இரண்டு தொடக்கம் ஆறு வரையான கடுதாசிகளை எடுத்து இறப்பர் வளையம் போட்டு ஒரு பக்கம் வைத்தார். மிச்சத்தை அடுக்கி அக்காவின் பெயரை ஒரு துண்டில் எழுதிச் சுற்றினார்.

சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தேன். அடுத்த தரிப்பு என்ன என்று பிரியா கேட்டாள். மூடிக்கொண்டேன். முதல் நாள் சொல்லாததை ஆறாம் நாள் எப்படிச் சொல்வது?

மே 2, வெள்ளி. எசன்

வந்து சேர்ந்தோம். களைப்பு என்று படுத்துவிட்டார். நாளை.

மே 3, சனி

மேல்மாடியில் இருக்கிற அன்ரன் அண்ணையிடமும் மனைவியிடமும் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். தனியாகச் சொல்லத் துணிவில்லை, இன்னும் முறையும் அதுதானே. அவர்கள் வந்து சப்பாத்தைக் கழற்றினார்கள். இருங்கோ என்று இவர் கதிரையை இழுத்தார். அவர்கள் இருக்கவில்லை. அன்ரன் அண்ணை அவருடைய தோளில் கை வைத்தார்.

இவர் என்னைத்தான் பார்த்தார். "ஆர்?" என்றார்.

நான் சொன்னேன். அழவில்லை அவர். எப்போது என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு நாளாகப் பின்னுக்கு எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை எங்கை நிண்டனாங்கள்?"

"லாஸ் வேகாஸிலை."

"வைச்சிருக்கவோ எண்டு அவங்கள் கேக்கேல்லையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். லவனும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டான்.

"கேட்டவை."

"நீர் என்ன சொன்னீர்?"

"எடுங்கோ எண்டு சொன்னன்."

அன்ரன் அண்ணை இவரிடம், தபோதரன், உம்முடைய சுகத்துக்காகத்தானே இவ செய்தது என்றார். இவர் அண்ணையின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு அறைக்குள் போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கடுதாசிக் கட்டைத் தேடுகிறார் என்று விளங்கியது.

மே 5, திங்கள்

பிரியா போனில் கத்தினாள். எனக்காவது சொல்லியிருந்தால் அந்தப் படத்தைப் போட்டிருப்பேனா அம்மா என்று கேட்டாள்.

மே 19, திங்கள்

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இவர் தனியாக யாழ்ப்பாணம் போகிறார். நானும் வாறன் என்றேன். நீர் நில்லும் என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

ஞாயிறு திரும்பி வந்தார். மொட்டைத் தலையில் முள்ளு முள்ளாக மயிர் முளைத்திருக்கிறது. நான் கேட்காமலே ஒன்று மட்டும் சொன்னார்.

"சுடலையிலை பெட்டி இறக்கிற நேரம் ஆரோ அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டினவையாம்."

பிறகு தொலைக்காட்சியைப் போட்டார். கடுதாசிக் கட்டு திரும்பி வரவில்லை. எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. இறப்பர் வளையம் போட்ட மிச்சம் மட்டும் குசினி லாச்சியில், கரண்டிகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். இருதயம் ஒரு காரணம். பெரிய காரணம் அது இல்லை.

கலியாணம் முடித்து இருபத்தொன்பது வருடம். நாலு தரம் நீள லீவு எடுத்தோம், நாலு தரமும் யாழ்ப்பாணம். ஒரு தரம் மச்சாளின் கண் ஒப்பரேசன், ஒரு தரம் வீட்டுக் கூரை, ஒரு தரம் லவனின் கலியாணம், ஒரு தரம் சும்மா, அக்கா பார்க்க ஆசைப்பட்டாராம். நான் மூஞ்சியை நீட்டவில்லை. மச்சாள் என்னோடு அன்பாகத்தான் இருந்தார். ஆனால் அன்று காலை அந்த ஜன்னலால் இவரும் பிரியாவும் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்தபோது எனக்குள் வந்தது துக்கம் இல்லை. இதையுமா என்றுதான் வந்தது. இந்த இரண்டு கிழமையையுமா மச்சாள், இதையும் எடுத்துக்கொள்ளப் போகிறீர்களா.

செத்தவரோடு கோபித்துக்கொண்டு ஒரு மனிசனின் கடைசி முகம் பார்க்கிற உரிமையை நான் பறித்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

இன்று ஞாயிறு. வழக்கமாக அக்காவை அழைக்கிற நேரத்துக்கு அவர் நடக்கப் போய்விடுகிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உப்புப் போதுமோ என்று கேட்டேன். காணும் என்றார். இன்றைய கதை இதுதான்.

அக்டோபர் 4, சனி

சயந்தனுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்கிறார்களாம். கார்த்திகைக்குப் பிறகு வந்து பார்க்கிறேன் என்றேன். தொப்பி எங்கே என்று கேட்டுச் சிரிக்கிறான். வாங்கி வந்தது இன்னும் அலுமாரியில்தான்.

பிரியாவின் கலியாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. எங்கள் இரண்டு பேருடைய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. இவர் எழுத்துப் பிழை பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

நவம்பர் 18, செவ்வாய். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம்

காலை ஏழு பத்து. முதியோர் இல்லத்துக் குசினியில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிற அன்னா வந்து, உன் கணவர் வாசலில் நிற்கிறார் என்றாள். பதினாறு வருடமாக அங்கே வேலை செய்கிறேன். ஒரு நாளும் அவர் உள்ளே வந்ததில்லை.

பஸ் சீருடையோடு நின்றார். மழையில் தோள் நனைந்திருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை, அன்ரன் அண்ணையும் இல்லை. நேரே என் முகத்தைப் பார்த்தார். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அப்படிப் பார்த்தார்.

"உம்மடை தம்பி மோசம் போயிட்டான், கௌரி. எங்கடை நேரம் ஆறு மணிக்கு. உமக்குப் போன் அடிச்சிருக்கினம், நீர் எடுக்கேல்லை எண்டு ஆறரைக்கு எனக்கு அடிச்சவை. பின்னேரம் பிளைற் இருக்கு, பிரியா ரிக்கற் போட்டிட்டாள். நீர் போய் முகம் பாத்தாப் பிறகுதான் எடுக்கிறதெண்டு சொல்லிப்போட்டன்."

கையில் பாண் கத்தியோடு நின்றேன். அவர் அதை வாங்கி மேசையில் வைத்தார். பஸ் எங்கே என்றுதான் என் வாயில் வந்தது. ஓட்டத்தின் நடுவில் ஒரு நாளும் பஸ்ஸை விட்டு இறங்காத மனிதர்.

"வேறை ஆளிட்டைக் குடுத்திட்டன்."

வீட்டில் பெட்டி அடுக்கியதும் அவர்தான். ரயிலில் எதிர் ஆசனத்தில் இருந்தார். நான் அழுது முடியும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் எழுதியதை அப்போது சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சோதனை வாசலில், போய்ச் சேர்ந்ததும் போன் எடும் என்றார். ஓம் என்றேன். நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோதும் நின்றார்.

இங்கே இருந்து பெட்டியைத் திறந்தேன், சுவெற்றர் எடுக்க. எல்லாவற்றுக்கும் மேலே சயந்தனின் தொப்பி.

செய்தி வந்து நாற்பது நிமிடத்தில் என்னிடம் வந்துவிட்டார். நான் பதினொரு நாள் எடுத்தேன்.