காங்கோவில் அவரைத் தூக்கி வந்த பாட்டு

10-6-62, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். அரிசி ஊறப்போட்டேன், அரைக்கவில்லை. அவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து முப்பத்தாறு நாள். ஐ.நா. படையோடு காங்கோ போய் ஏழு மாதம். ராணுவ லாரி ஓட்டத்தான் போகிறேன், சண்டைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா விடவில்லை. "எத்தினி நாளு மோட்டுவளையப் பாத்துகினு குந்திகினு கீவே? அம்பத்தூர்ல காட்டுப் படம் வந்துகீது. தமிள்லயே பேசுறானுங்களாம். வா." குழந்தை மீனாவையும் கூட்டிக்கொண்டு மேட்னி.

போயிருக்கக் கூடாது. படம் நடப்பது ஆப்பிரிக்காவில். ஒரு வெள்ளைக்காரனை மரத்தில் கட்டிவைத்து, ஈட்டியோடு சுற்றி நின்று பாடுகிறார்கள். கூட்டத்தின் குரல் ஏறி ஏறி வருகிறது. கட்டுண்டு கிடந்தவன் முகம் எனக்கு அவர் முகமாகவே தெரிந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அக்காவுக்கு வருத்தம்.

13-6, புதன்

பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாட்டு எடுத்தேன். டீச்சர் நானே சுருதி விலகினால் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்யும்.

மீனா "ஓ... ஓ..." என்று படத்தில் வந்தமாதிரி கத்திக்கொண்டு நாற்காலியைச் சுற்றினாள். அறைந்துவிட்டேன். நாலு வயசு. பிறகு நானும் அழுதேன்.

குழாயடியில் ஒருத்தி: "அங்க நம்ம வண்டி ரெண்டு காணமாம்." யார் சொன்னது என்று கேட்பதற்குள் போய்விட்டாள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அக்கா கொண்டுவந்து வைத்தாள்.

வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு, மீனாவுக்கு இருமல் மருந்து.

18-6, திங்கள்

தபால். உறைமேல் என் பெயர். கையெழுத்து அவருடையது இல்லை.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரிக்கக் கை வரவில்லை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "பிரி கண்ணு. நான்தான் கீறேன்ல" என்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உயிரோடு இருக்கிறார். நண்பர் ஒருவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். மழையில் லாரி பள்ளத்தில் சாய்ந்ததாம். கையில் அடியாம். அந்த ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பாயில் படுக்கவைத்து நாலு மைல் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். அடுத்த வரிகளை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"வழி முழுக்கப் பாடினார்கள் கமலா. ஒருத்தி கூப்பிடுவாள், மற்றவர்கள் பதில் கொடுப்பார்கள். அந்தப் பதிலுக்குத்தான் எல்லோரும் காலெடுத்து வைத்தார்கள். பாய் ஆடவே இல்லை. நான் கண்ணை மூடினால் குரலை உயர்த்தி எழுப்பிவிடுவார்கள். நீ இருந்தால் ஸ்வரம் எழுதியிருப்பாய்."

நாலு தரம் படித்தேன். பாட்டைப் பற்றி இவ்வளவு. கையைப் பற்றி ஒரே ஒரு வரி. ஏன்?

24-6, ஞாயிறு

மேகமூட்டம். மறுபடி அதே படம். "பயந்துகினு ஓடியாந்துட்டு மறுக்கா எதுக்குடி?" என்றாள் அக்கா. ஆனாலும் வந்தாள்.

ஈட்டி வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முதலில் ஒரு பெண் குரல் தனியாக, எந்த வாத்தியமும் இல்லாமல். அவள் முடிப்பதற்குள்ளேயே மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் நில்லுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். இவர்கள் ஆளுக்கொரு இடத்தில் நிற்கிறார்கள், மேலே சிலர், கீழே சிலர். எங்கேயும் இடிக்கவில்லை. அடியில் ஒரு கனத்த குரல் எல்லோரையும் தாங்குகிறது. கோபமே இல்லை அந்தப் பாட்டில். யாரோ எங்கேயோ வேலை செய்துகொண்டே பாடியதை எடுத்துவந்து ஈட்டிக்கு ஒட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. சத்தியம் செய்யமாட்டேன். மொழி தெரியாது.

அக்கா மேனாம்பேட்டில் வயல் வேலைக்குப் போனவள். காதருகே வந்து, "நாத்து நடசொல்ல நாங்களும் இப்டித்தான். ஒருத்தி எடுப்பா, நாங்க வாங்குவோம். வெள்ளைக்காரன் மேலயா பாடுறாளுங்கோ? இடுப்பு நோவு தெரியாம இருக்கப் பாடுறாளுங்கோ" என்றாள்.

ச, க, ப வரை பிடித்தேன். அதற்குமேல் நழுவிவிட்டது. கண்ணைத் திறந்தேன். ஈட்டி. திரும்பவும் அதே பயம்.

21-7, சனி

அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரி. மீனாவை அக்காவிடம் விட்டுவிட்டு ரயிலில் போனேன்.

வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

போர்வைக்குள் வைத்திருந்தார். தண்ணீர் எடுக்கத் திரும்பும்போது விலகிவிட்டது. கத்தவில்லை நான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கை போனதை எழுதச் சொன்னா நீ தனியா இருந்து படிப்பியேன்னுதான்..." என்றார். ஏதாவது பேச வேண்டுமே என்று அந்தப் பாட்டைக் கேட்டேன். மெதுவாகப் பாடிக் காட்டினார், சுருதியே இல்லாமல். கூப்பிடுகிற வரி மட்டும்தான் நினைவிருக்கிறதாம். பதில் வரியைப் படத்தில் கேட்டதைவைத்து நானே ஊகித்து முணுமுணுத்தேன். இல்லை என்று தலையசைத்தார். இன்னும் கீழே என்றார். கீழே போனேன். அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே லாரி ஓட்ட முடியாது. பயமா இருக்கா?"

"ஆமாங்க."

"எனக்கும்தான்" என்றார்.

மணி அடித்துவிட்டார்கள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வெளியே போங்கள் என்று.