முப்பத்திரண்டாவது வேலை

ஏனுங்க,

அனுவைக் கூட்டிக்கிட்டு குன்னத்தூர் அம்மா ஊட்டுக்குக் கிளம்பிட்டேன். ரசம் அடுப்பு மேல இருக்கு. சாவி எதிர்வீட்டு அன்புசெல்விகிட்ட.

ஞாயித்துக்கிழமை அனு காதுகுத்து. அதையும் கம்பெனி ஆர்டர் மாதிரியே துண்டு துண்டாப் பிரிச்சு, சார்ட் போட்டு சுவத்துல ஒட்டியிருக்கீங்க. பந்தல், ஆசாரி, சீர்த்தட்டுன்னு முப்பத்தொரு வேலை, ஒவ்வொண்ணுக்கும் ஆள் பேரு. என் பேரு பதினாலு இடத்துல. உங்க பேரை ரெண்டு தடவை தேடினேன், எங்கேயும் இல்லீங்க. தனியா சாப்பிட்டுப் பழகிட்டேன். அன்னிக்கும் தனியா நிக்கணுமா?

ஷிப்மெண்ட்டுன்னு பட்டினி கிடக்காதீங்க. தயிர் ஃபிரிட்ஜ்ல.

சித்ரகலா

பி.கு: சார்ட்டுக்கு அடியில முப்பத்திரண்டாவது வேலை ஒண்ணு எழுதியிருக்கேன்: 'அனு அழும்போது வாங்கித் தோள்ல போட்டுக்கறது.' எதிர்ல பேரு எழுதலை. பென்சிலை அங்கேயே கட்டித் தொங்கவிட்டிருக்கேன்.