மாடியில்லாத விலாசம்

7ஆம் இலக்க லயம்,
கீழ்ப்பிரிவு, சின்னக்கல் தோட்டம்,
பண்டாரவளை.
ஞாயிறு மாலை

அன்பு மகள் கிருஷாந்திக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நான்கு நாட்களாக நீ அம்மாவின் அழைப்பை மட்டும்தான் எடுக்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே மூடிவிடுவாய் என்று கடிதமாக எழுதுகிறேன். சரக்கெடுக்க நாளை கொழும்புக்கு வரும் ஹுமைத் நானா இதை நீ தங்கியிருக்கும் போடிங்கில் கொடுப்பார். அவர்மேல் கோபப்படாதே. அவருடைய கடை விலாசத்தை உன் விண்ணப்பங்களில் எழுதச் சொன்னவன் நான்தான்.

வரும் வியாழக்கிழமை காப்புறுதிக் கம்பனியின் நேர்முகப் பரீட்சைக்குப் போகமாட்டேன் என்றாயாம். முன்பு வங்கி நேர்முகப் பரீட்சையில் நடந்ததையும் அம்மாதான் சொன்னாள். மேசைக்கு அப்பால் இருந்த ஐந்து பேரில் ஒருவர் பண்டாரவளைக்காரராம். ஹுமைத் ஸ்டோர்ஸ் துணிக்கடை ஆயிற்றே, உங்கள் வீடு எங்கே என்று கேட்டாராம். மாடியில் இருக்கிறோம் என்றாயாம். அந்தக் கடைக்கு மாடியே இல்லையே என்று அவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்களாம். அதன்பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் உன்னால் பதில் சொல்ல முடியவில்லையாம்.

இதைச் சொல்லிவிட்டு அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, பொய்ய நீங்க எழுதிக் குடுத்துட்டு தைரியத்த மட்டும் அவகிட்ட கேக்குறீங்களே என்றாள். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தேன், ஒரு பிள்ளையும் என்னை அப்படி மடக்கியதில்லை.

எனக்கு ஆசிரியர் நியமனத்துக்கான அழைப்பு வந்தபோது, லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்கு வரும் தபாலெல்லாம் போகும் தோட்ட ஆபீஸில் அது பதினொரு நாள் கிடந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்த மறுநாள்தான் என் கைக்கு வந்தது. அடுத்த தடவை ஹுமைத் நானாவின் வாப்பாவிடம் கேட்டுக் கடை விலாசத்தைப் போட்டேன். கடிதம் உடனே கிடைத்தது. அன்றிலிருந்து என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். கடிதம் தவறக்கூடாது என்பதுதான் நான் சொன்ன காரணம். இப்போது அழைப்பெல்லாம் ஈமெயிலில் வருகிறது. அந்தக் காரணம் போய்விட்டது. ஆனாலும் உன்னைக் கடை விலாசத்தைத்தான் எழுதச் சொன்னேன். அப்படியென்றால் லயம் என்று எழுத விடாமல் என் மனதில் மிச்சம் இருந்தது என்ன என்று உனக்கு விளங்கும். அதை உன் அம்மாவிடமே முந்தாநாள்தான் ஒப்புக்கொண்டேன்.

நீ திறமை இல்லாதவள் அல்ல. போன மாதம் இதே காப்புறுதிக் கம்பனி உன்னைத் தொலைபேசியில் கேள்வி கேட்டது. குறிப்புத்தாளை முன்னால் வைத்துக்கொள், ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போல நிதானமாகப் பேசு, அங்கே குரல்தான் முகம் என்றேன். தேறினாய். பிறகு எட்டுப் பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது தன் குடம் நிரம்பியதும் பின்னால் நிற்பவளின் குடத்தையும் நகர்த்தி வைக்கிறவளைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லியிருந்தேன். வாய் திறக்காமல் இருந்த ஒரு பிள்ளையிடம், நீங்க என்ன நினைக்கிறீங்க என்று நீ கேட்டாயாம். அதிலும் தேறினாய்.

இனி மேசைக்கு முன்னால் உட்காரும் இது ஒன்றுதான் பாக்கி. இதற்குச் சொல்ல என்னிடம் உதாரணம் இல்லை. அந்த விண்ணப்பத்திலும் கடை விலாசம்தான் இருக்கிறது. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே. அது தபாலுக்காக எழுதியது, எங்கள் வீடு லயத்தில் இருக்கிறது, அப்பா சொல்லித்தான் அப்படி எழுதினேன் என்று நீயே முதலில் சொல்லிவிடு. பழியை என்மேல் போடத் தயங்காதே. அது உண்மைதானே.

நேற்று கிராம உத்தியோகத்தரிடம் போய் உனக்கு வதிவிடச் சான்றிதழ் வாங்கினேன். இதோடு வைத்திருக்கிறேன். அவர் எழுதும்போது லயத்து இலக்கத்தை இரண்டு தடவை உரக்கச் சொன்னேன். பின்னால் நின்ற மேற்பிரிவு ராசம்மா, வாத்தியாரு டவுன்லதானே இருந்தாரு, எப்ப லயத்துக்கு எறங்கி வந்தாரு என்றாள். அவளுடைய மகனுக்கும் நான்தான் அந்தக் கடை விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். முதலில் காது சுட்டது, பிறகு பழகிவிட்டது.

உண்மையைச் சொன்னால் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒதுக்கிவிடவும் கூடும். ஆனால் வங்கியில் நீ வாயடைத்து உட்கார்ந்திருந்தாயே, அது இன்னொரு முறை நடக்கக்கூடாது.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வியாழக்கிழமை விரதம் இருக்கப்போகிறாளாம், சொன்னால் கேட்கவில்லை. உன் நீலச் சேலையை ஹுமைத் நானாவிடம் கொடுத்துவிடுகிறோம். ஓரம் தைத்திருக்கிறாள்.

அன்று காலை முழுவதும் போன் என் கையிலேயே இருக்கும். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று ஒன்றும் விசாரிக்கமாட்டேன். என்னை ஏசுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடு மகள்.

நீ நல்லா இருக்கவேண்டும்.

உன் அப்பா,
வைரவநாதன்