தோர்ன்பி துரை வீட்டுச் சுழல்கதவு

வர்ஜீனியா
ஏப்ரல் 8, 1951

அன்பு மகள் ஓராலிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், டெட்ராய்ட் குளிரில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை, மழை வருமென்று அதுதான் எங்களுக்கு முதலில் சொல்கிறது. கோழிகள் மறுபடி முட்டையிடுகின்றன. இனி எங்களிடம் நீ விட்டுப்போன மகள் செய்த காரியத்துக்கு வருகிறேன், பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு நம் கறுப்புப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து டோஷாவை அனுப்புகிறார்கள், ஜெயித்தால் கல்லூரிச் செலவு முழுக்கப் போட்டி நடத்துகிறவர்களுடையது. என் பேத்தி என்பதால் சொல்லவில்லை, அவளைப்போல எழுத இந்த ஊரில் ஆளில்லை. தலைப்பு, நான் வேலை பார்க்கும் மாளிகையைக் கட்டிய தோர்ன்பி துரை. ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாமல் அரசாங்கமே கிடையாது என்று அந்தக் காலத்தில் எழுதியவர், அதே கையால் கறுப்பர்களுக்கு யோசிக்கும் புத்தி குறைவு என்றும் எழுதி, நூறு பேரை அடிமையாகவும் வைத்திருந்தவர். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படிப் படுத்துத் தூங்கின என்று உன் மகள் சோளரொட்டியைத் தொடாமல் யோசித்துக்கொண்டிருந்தாள், ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அந்த யோசனை ஒட்டிக்கொண்டது.

செவ்வாயன்று மேசைவிரிப்புகளைத் தூக்க என்னோடு வந்தாள். அங்கே சாப்பாட்டு அறையில் நடுவில் அச்சு வைத்த கதவு ஒன்று உண்டு, பின்பக்கத் தட்டுகளில் பதார்த்தங்களை வைத்துத் திருப்பினால் பரிமாற ஆளில்லாமலே உள்ளே வந்துவிடும். துரைமார் அரசாங்க விஷயம் பேசுவது அடிமைகள் காதில் விழக்கூடாது என்று செய்தது என, வீட்டைச் சுற்றிக்காட்டும் ப்ரூவிட் ஐயா வெள்ளைக்காரச் சீமாட்டிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விரிப்போடு நின்ற இவள் மெதுவாகக் கேட்டாள், "அவங்களுக்குத்தான் புத்தி இல்லைன்னு எழுதிட்டாரே ஐயா, அப்புறம் காதுல விழுந்தா என்ன பயம்?" ஒரு சீமாட்டி கையுறையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டாள். ப்ரூவிட் என்னைத் தனியே அழைத்து, இனி அந்தப் பெண்ணைக் கூட்டிவராதே என்றார், வேலை போகவில்லை. துரை பயந்தார் என்றால் அடிமைகளுக்கும் புத்தி உண்டென்று அவருக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே எப்படி அப்படி எழுதினார் என்று வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டு வந்தோம்.

அந்தக் கேள்வியை அப்படியே கட்டுரையில் எழுதிவிட்டாள். தலைமையாசிரியர் ஹேர்ஸ்டன் நல்ல மனுஷர், அந்த ஒரு பத்தியை எடுத்தால் பரிசு நிச்சயம், இல்லையென்றால் நடுவர்கள் அடுத்த பக்கம் புரட்ட மாட்டார்கள் என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அவரே வெட்டித் தருவாராம். படிப்புதான் முக்கியம், கேள்வி எங்கே ஓடிப்போகிறது என்கிறார் அப்பா, அதிலும் நியாயம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது உன் மகள், "எனக்காக முடிவெடுக்க என் சம்மதம் வேணாமா பாட்டி? துரையே எழுதியிருக்காரே" என்றாள். சிரிப்பும் வந்தது, கையும் நின்றுவிட்டது.

சனிக்கிழமைக்குள் பதில் போடு, மறந்துவிடாதே. எதுவானாலும் எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது, உத்தரவாக எழுதாமல் கேட்டு எழுது. கட்டுரை வெட்டுப்படாமல் பைபிளுக்கு அடியில் இருக்கிறது. கம்பளிக் காலுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

கேள்வி கேட்கிறவளின் பாட்டி,
உன் அம்மா
லவீனியா